வகிடெடுத்த ஈட்டி

"எங்க வேணும்னாலும் கொண்டுபோய் எரி. எங்க சிதையில வேணாம், எங்க சுவத்துல வேணாம்!"

"அவர் காசு மட்டும் உங்க உண்டியல்ல வேணுமா ஐயா?"

"காசப் பத்திப் பேசாத. சட்டத்தப் பத்திப் பேசு!"

"சரி, சட்டமே பேசறேன். செத்தவங்களுக்கு இடம் குடுக்கத்தான சங்கம் வச்சிருக்கீங்க? இவரு செத்துட்டாரு. வேணும்னா பாத்துக்குங்க, நல்லா செத்துட்டாரு!"

தல்லுசா கைவண்டியின் மேல் கிடந்த போர்வையைச் சட்டென்று விலக்கினாள். சலவைப் பட்டறை வாசலில் கூடியிருந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். பிறகு இரண்டடி முன்னால் வந்தார்கள்.

"ஐயையோ, மூடுடி!" என்றது ஒரு பெண்குரல். மூடியதும் அதே குரல், "குத்து எங்க பட்டிருக்கு, நெஞ்சுலயா?" என்று விசாரித்தது.

என் சவரக் கடை அந்தப் பட்டறைக்கு நேர் எதிரே. அந்த வாசலில் எனக்குத் தெரியாமல் ஒரு பூனை குட்டி போட முடியாது. அப்போது ஒரு கழுதைக்காரனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தை அப்படியே விட்டுவிட்டு நான் எழுந்து போனேன். அவனும் கோபித்துக்கொள்ளாமல் அரைத் தாடியோடு என் பின்னாலேயே வந்துவிட்டான்.

வாசற்படியில் நின்று கத்தியவன் கல்வெந்தியுஸ். புத்தெயோலித் துறைமுகத்தில் பாதிப் பேர் உடுத்தும் துணி அவன் பட்டறையில்தான் வெளுக்கிறது. எதில் வெளுக்கிறது என்று கேட்கக் கூடாது. தெருமுனைகளில் அவன் வைத்திருக்கும் சாடிகளை நிரப்பிக் கொடுப்பவர்கள் நாங்கள்தான். எங்கள் தெருவின் ஈமச் சங்கத்துக்கு அவன் தலைவன். மாதாமாதம் எல்லோரும் ஒரு காசு போடுவோம். யாராவது போய்விட்டால் சங்கத்து விறகில் எரித்து, சாம்பலைச் சட்டியில் அள்ளி, கப்புவா சாலையில் இருக்கும் சங்கத்துக் கல்லறை வீட்டுச் சுவரில் ஒரு மாடத்தில் வைப்போம். அந்த வீட்டு வாசலில் ஒரு கல் உண்டு. கூலிக்குச் சண்டை போடத் தன்னை விற்றுக்கொண்டவனுக்கும், தூக்கு மாட்டிக்கொண்டவனுக்கும் இங்கே இடமில்லை என்று அதில் வெட்டியிருக்கிறது. மூத்திரத்தில் துணி மிதிப்பவனுக்கு இடம் உண்டா இல்லையா என்று கல்லில் ஒன்றும் இல்லை. கல்லுக்குக் காசு கொடுத்தது கல்வெந்தியுஸின் அப்பா.

வண்டியில் கிடந்தவன் லுக்ரியோ, தல்லுசாவின் புருஷன். எகிப்திலிருந்து வரும் தானியக் கப்பல்களில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன். தல்லுசா அப்போது கல்வெந்தியுஸின் வீட்டு அடிமை. அங்கேயே பிறந்தவள், அந்த வீட்டுப் பெண்களுக்குத் தலை வாரிவிடுபவள். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அவளை விடுவிக்கக் கல்வெந்தியுஸ் ஒரு விலை சொன்னான். மூட்டை தூக்குகிறவன் பல்லுப்போகும் வரை தூக்கினாலும் எட்டாத விலை. லுக்ரியோ நேராகச் சண்டைப் பள்ளிக்குப் போனான். சுட்டாலும் கட்டினாலும் அடித்தாலும் இரும்பால் கொன்றாலும் சம்மதம் என்று சத்தியம் செய்து, தன்னை விற்று, அந்தப் பணத்தைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து வைத்தான். அது எங்கிருந்து வந்தது என்று கல்வெந்தியுஸ் அன்று கேட்கவில்லை. மோந்து பார்க்கவும் இல்லை.

அதன்பிறகு லுக்ரியோ எங்கள் தெருவின் செல்லப்பிள்ளை. அவன் ஜெயித்துவிட்டு வரும் நாளில் தெருவே குடிக்கும். அவன் பெயரைப் பிள்ளைகள் சுவரெல்லாம் கிறுக்கும். பட்டறைச் சுவரில் கிறுக்கியதைக் கல்வெந்தியுஸ் அழிக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்களே! சங்கத்துக் காசையும் அவனிடமிருந்து மாதம் தவறாமல் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். உயிரோடு இருந்தவரை யாருக்கும் கல் ஞாபகம் வரவில்லை.

"என் அம்மா அங்க இருக்கா!" என்று கூட்டத்திலிருந்து ரொட்டிக்கடை ஸ்தபேரியுஸ் கத்தினான். "இந்தப் பார்லிக்கஞ்சிக்காரன் பக்கத்துல எங்கம்மா எப்படி இருப்பா?"

சண்டைப் பள்ளியில் போடும் சாப்பாடு பார்லிக்கஞ்சி, அதைத்தான் சொன்னான். இந்த ஸ்தபேரியுஸ்தான் அரங்கத்தில் சண்டை விளையாட்டு நடக்கும் நாட்களில் லுக்ரியோவின் தலைக்கவசத்தை அச்சாகப் பதித்த ரொட்டி விற்றவன். அவன் அம்மா உயிரோடு இருந்தபோது தினமும் எந்தச் சண்டைப் பள்ளி மதிலோரமாக உலாவப் போவாள் என்பது தெருவுக்குத் தெரியும். அதை விடுங்கள்.

"உங்கம்மா சந்தோஷமாத்தான் இருப்பா ஸ்தபேரியுஸ்," என்றாள் தல்லுசா. எல்லோரும் சிரித்தோம்.

"சிரிச்சது போதும்," என்றான் கல்வெந்தியுஸ். "மேட்டுக் குழி இருக்கு. அங்க கொண்டுபோ."

சிரிப்பு நின்றுவிட்டது. மேட்டுக் குழி என்பது ஊருக்கு வெளியே, யாருமற்றவர்களையும் செத்த கழுதைகளையும் சேர்த்துப் போடும் இடம். கொஞ்சம் சுண்ணாம்பு தூவுவார்கள். மீதியை நாய்கள் பார்த்துக்கொள்ளும்.

தல்லுசா அழவில்லை. வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்," என்றாள். "ஜூன் மாச வெயிலு. நாளைக்கு இந்த வாசல்ல துணி குடுக்க யாரு வராங்கன்னு பாக்கறேன்."

அப்போதுதான் கல்வெந்தியுஸின் மனைவி நோனியா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் வண்டியைப் பார்த்தாள். பிணத்தின் பக்கத்தில் நீளமாக ஏதோ ஒன்று, துணி சுற்றி, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து முந்தானை தானாக இறங்கியது.

"தல்லுசா... கண்ணு... அது என்னடி நீளமா?"

"ஈட்டிம்மா."

"எந்த ஈட்டி?"

"எந்த ஈட்டியா இருக்கும்?"

நோனியா புருஷனின் மேலாடையைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். சட்டம் பேசிக்கொண்டிருந்த வாய் திறந்தபடி நின்றது. பிறகு அந்த வாயிலிருந்து, நான் இருபது வருஷமாகச் சவரம் செய்தும் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"ஏம்மா வெயில்ல நிக்கற? உள்ள வா. வண்டிய நிழல்ல விடு."

கூட்டத்துக்குப் பெருத்த ஏமாற்றம். எனக்கு அப்படியில்லை. கிண்ணத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, "ஐயாவுக்குச் சவரம் பாக்கி இருக்கே," என்றபடி நானும் உள்ளே போய்விட்டேன். யாரும் தடுக்கவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களை யாரும் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விஷயம் இதுதான். கல்வெந்தியுஸின் இளைய மகள் செக்குந்தாவுக்கு அந்த மாத நடுவில் கல்யாணம். மாப்பிள்ளை நோலா ஊர்க்காரன், கம்பளி வியாபாரக் குடும்பம். மணப்பெண்ணின் தலையை ஆறு பிரிவாக வகிடெடுப்பது சீப்பால் அல்ல, ஈட்டி முனையால். எங்களைப் போன்றவர்கள் கொல்லனிடம் ஒரு கம்பியை ஈட்டி மாதிரி வளைத்து வாங்கி ஒப்பேற்றிவிடுவோம். நோலாக்காரர்கள் அப்படியில்லை. களத்தில் விழுந்த வீரனின் உடம்பிலிருந்து உருவிய ஈட்டிதான் வேண்டும், எனக்கு அப்படித்தான் எடுத்தார்கள் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாள். அப்படி எடுத்தால் பெண் புருஷனோடு பிரியாமல் இருப்பாளாம். நோனியா ஊரெல்லாம் தேடி அலுத்துவிட்டாள். நீங்கள் நினைப்பது போல் அவ்வளவு பேர் களத்தில் சாவதில்லை. நன்றாகச் சண்டை போட்டவன் தோற்றாலும் விட்டுவிடுவார்கள். ஈட்டியால் சாகிறவன் அதிலும் அபூர்வம்.

முந்தின நாள் விளையாட்டில் என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'வெயிலுக்குப் பந்தல் உண்டு' என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டிருந்தார்கள். எங்கள் தெரு ஆண்கள் எல்லாம் ஒன்றாகத்தான் உட்காருவோம். எனக்கு முன்வரிசையில் கல்வெந்தியுஸ். லுக்ரியோவுக்கு எதிரே நின்றவன் ஒரு சிரியா நாட்டு ஈட்டிக்காரன், அதே பள்ளி, அதே பார்லிக்கஞ்சி. வெகுநேரம் சண்டை போட்டார்கள். லுக்ரியோ தொடையில் வெட்டுப்பட்டு விழுந்தான். கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு, தோற்றுவிட்டேன் என்று விரலைத் தூக்கினான். விளையாட்டு நடத்திய பெரிய மனிதர் கூட்டத்தைப் பார்த்தார். துணிகள் அசைந்தன. விடு, விடு என்ற முணுமுணுப்பு ஒரு பக்கமிருந்து கிளம்பியது. சரி, பிழைத்தான் என்று நான் ஒரு கை வறுத்த கொண்டைக்கடலையை வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போது கல்வெந்தியுஸ் எழுந்தான். "விடாத! குத்து!"

பட்டறையில் முப்பது ஜோடிக் கால்கள் துணி மிதிக்கும் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அது. அரங்கம் முழுக்கக் கேட்டது. ஒரு நாய் குரைத்தால் மற்ற நாய்கள் ஏன் என்று கேட்பதில்லை. வரிசை வரிசையாகக் "குத்து" பரவியது. என் வாயில் கடலை. பெரிய மனிதர், ஊர் விருப்பம் இதுதான் போலும் என்று தலையை ஆட்டினார். தலைக்கவசத்துக்குள் இருப்பவன் யாரென்று கல்வெந்தியுஸுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அந்தப் பெயர் அவன் வீட்டுச் சுவரிலேயே இருந்தது.

உள்ளே, தல்லுசா முன்னால் அத்திப்பழமும் தேன் தடவிய ரொட்டியும் வைத்தார்கள். அவள் தொடவில்லை.

"ஈட்டி உன் கைக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்று நோனியா கேட்டாள்.

"அந்தச் சிரியாக்காரர்தான் குடுத்தாரு. செத்தவங்கள இழுத்துட்டு வர்ற வாசல்ல நின்னேன். அழுதுட்டே வந்தாரு. 'இத இனிமே நான் தொட மாட்டேன் தங்கச்சி, பள்ளிக்காரன் கேட்டா ஒடஞ்சிருச்சுன்னு சொல்லிக்கறேன்'னு கையில குடுத்துட்டுப் போயிட்டாரு."

"உன்ன விடுதல பண்ணினவன் நான்," என்றான் கல்வெந்தியுஸ். "சட்டப்படி நீ எனக்குக் கடமைப்பட்டவ. ஈட்டிய வச்சுட்டுப் போ."

"வச்சுட்டுப் போறேன். அவரையும் இங்கயே வச்சுட்டுப் போறேன். ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் வந்தாங்க. நான் பிரிக்க மாட்டேன்."

"புடுங்கிக்கறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"ஐயோ, வேணாங்க!" என்று நோனியா அலறினாள். "பறிச்ச ஈட்டி ஆகாது. மனசாரக் குடுக்கணும். இல்லன்னா நம்ம பொண்ணு வாழாவெட்டியா வந்து நிப்பா!"

அந்த நேரத்தில் செக்குந்தாவே வந்துவிட்டாள். பதினைந்து வயது. கையில் நூற்றுக்கொண்டிருந்த கம்பளி அப்படியே இருந்தது. வாசல் வழியாக வண்டியைப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா... லுக்ரியோ மாமாவா?"

தல்லுசா தலையசைத்தாள். அந்தப் பெண் வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். தல்லுசா பழக்கதோஷத்தில் அவள் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்ற கல்வெந்தியுஸ், "உள்ள போ செக்குந்தா. இது பெரியவங்க விஷயம்," என்றான்.

மாடம் கொடுப்பது தலைவன் ஒருவனால் ஆகிற காரியமல்ல. சங்கம் கூட வேண்டும். வெளியேதான் மொத்தச் சங்கமும் நின்றுகொண்டிருந்ததே, பட்டறை முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். தொட்டிகளுக்கு நடுவே, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடினோம். கால் நாழிகைக்கு முன்னால் மாடத்தின் புனிதம் பேசியவர்களின் மூளை அன்று வேலை செய்த அழகை என்னவென்று சொல்வது! துணி வெளுக்கிற பட்டறையில்தான் மனசாட்சியும் வெளுக்கிறது. தலைவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்லே கரையும்.

"கல்லுல 'தன்னை வித்துக்கிட்டவன்'னுதான இருக்கு," என்றான் ஸ்தபேரியுஸ். "இவன் பொண்டாட்டிக்காக வித்தான். அது வேற, தனக்காக விக்கறது வேற."

"உங்கம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அம்மா மேல் வரிசை. இவனக் கீழ் வரிசையில வைங்க."

இன்னொருவன், சட்டியைச் சுவரின் வெளிப்பக்கத்தில் வைத்தால் சட்டமும் கெடாது, ஈட்டியும் கிடைக்கும் என்று யோசனை சொன்னான். பலருக்கு அது பிடித்தும் போயிற்று.

"வெளிய வச்சு மழையில நனைய அவரு என்ன சுரைக்காயா?" என்றாள் தல்லுசா. "உள்ளதான். பேரு வெட்டின கல்லோடதான். கல்லு நின்னப்புறம், கல்யாணத்தன்னிக்குக் காலையில ஈட்டி வரும். நானே கொண்டுவந்து நானே வகிடெடுப்பேன். செக்குந்தா தலைக்கு வேற யாரும் கை வைக்க வேணாம்."

"மனசாரவா?" என்று கேட்டாள் நோனியா.

"மனசாரத்தான்மா."

எல்லாக் கைகளும் தூக்கப்பட்டன. இந்த ஒருவனுக்கு மட்டும், இது முன்மாதிரி ஆகாது என்று முடிவாயிற்று. அன்று சாயங்காலமே கப்புவா சாலையில் லுக்ரியோ எரிந்தான். சிதைக்கு முன்னால் எல்லோரையும் விடச் சத்தமாக அழுதவன் ஸ்தபேரியுஸ். மாடத்தில் சட்டி ஏறியது. கீழே ஒரு சின்னக் கல்: 'லுக்ரியோ. மூட்டை தூக்கினான். சண்டை போட்டான். தல்லுசா வைத்தது.'

இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் மூச்சை வீணாக்குகிறேன்?

கல்யாணத்துக்குச் சில நாட்களுக்கு முன் கல்வெந்தியுஸ் என் கடையில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தான். ஸ்தபேரியுஸ் வந்தான். கீழ் வரிசையானாலும் அம்மா வருத்தப்படுவாள் என்று இழுத்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா," என்றான் கல்வெந்தியுஸ், கண்ணை மூடியபடி. "கல்யாணம் முடியட்டும். நோலாக்காரங்க வண்டி ஏறட்டும். மறுநாளே அந்தச் சட்டியத் தூக்கி மேட்டுக் குழியில வீசிரலாம். கல்லத் திருப்பிப் போட்டா பட்டறைப் படிக்கு ஆகும்."

"வாக்குக் குடுத்தோமே?"

"மனசாரக் குடுக்க வேண்டியது அவ. நாம என்ன மனசோட வாங்கினோம்னு எந்தச் சாமி கேக்கப் போவுது?"

அப்போது என் கத்தி அவன் தொண்டையில் இருந்தது. எனக்குக் குடும்பம் இருக்கிறது. சவரத்தை முடித்து, முகத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி அனுப்பினேன்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை, ஒரு நாலைந்து பேரைத் தவிர. அந்த நாலைந்து பேரில் முதல் ஆள் தல்லுசா. மாடியறையில் உட்கார்ந்து சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"பக்கியுஸ் அண்ணே, நீங்க அன்னிக்கு அரங்கத்துல ஐயாவுக்குப் பின்வரிசைல தான இருந்தீங்க?"

"ஆமா."

"நான் மேல, பொம்பளைங்க வரிசையில இருந்தேன். அங்கேர்ந்து பாத்தா மனுஷங்க எறும்பு மாதிரி இருப்பாங்க. ஆனா முதல்ல ஒரு குரல் வந்துச்சு. சின்னதுலேர்ந்து என்னக் கூப்பிட்ட குரல். காலைல தண்ணி கொண்டாங்கற குரல். அந்தக் குரல்தானா?"

"அந்தக் குரல்தான்," என்றேன்.

அவள் ஒரு சீப்பின் பல்லிடுக்கை வெகுநேரம் துடைத்தாள்.

"அந்த ஈட்டிய ஒடச்சுப் போட்டுடு புள்ள," என்றேன். "போகட்டும் அவங்க கல்யாணம்!"

"ஒடச்சா அன்னிக்கே அவரக் குழியில போட்டுருவாங்க. போங்கண்ணே, எனக்கு வேல இருக்கு."

கல்யாணத்தன்று காலையில் அந்த வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தாடை சொரசொரப்பாக இருக்கிறதென்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். நோலாச் சம்பந்தியம்மாள் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள். தீயின் நிறத்தில் முக்காட்டுத் துணி மடித்து வைத்திருந்தது. நடுவில் ஒரு முக்காலியில் செக்குந்தா, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு.

தல்லுசா ஈட்டியோடு வந்தாள். கழுவவில்லை. முனையில் இருந்தது கறுத்துக் காய்ந்திருந்தது. சம்பந்தியம்மாள் எழுந்து வந்து குனிந்து பார்த்து, "நெஜமானதுதான்," என்று திருப்தியாகத் தலையாட்டினாள்.

வகிடெடுப்பவள், ஈட்டி யாருடையது என்று சொல்லி, அவன் பலம் பெண்ணுக்கு வரட்டும் என்று வாழ்த்த வேண்டும். சுற்றி நிற்பவர்கள் 'ஆகட்டும்' என்பார்கள். தல்லுசா உச்சியிலிருந்து முதல் கோட்டை இழுத்தாள்.

"இது லுக்ரியோவோட நெஞ்சிலேர்ந்து உருவின ஈட்டி," என்றாள். "அவரு கீழ விழுந்து விரலத் தூக்கினாரு. விட்டுருங்கன்னு ஜனம் துணிய வீசிச்சு. அப்ப ஒருத்தர் எந்திரிச்சு 'விடாத, குத்து'ன்னாரு. பொண்ணுக்கு ஈட்டி வேணுமே. பெத்தவரு வேற என்ன செய்வாரு?"

கூடத்தில் எல்லோர் தலையும் கல்வெந்தியுஸின் பக்கம் திரும்பியது.

"அப்பா?" என்றாள் செக்குந்தா. தலையைத் திருப்ப முடியவில்லை, ஈட்டி முனை உச்சியில் இருந்தது.

"எல்லாரும்தான் கத்தினாங்கம்மா," என்றான் கல்வெந்தியுஸ். "அரங்கத்துக்குப் போனா கத்தத்தான் செய்வாங்க. அதுக்குத்தான போறது?"

"நீங்க எப்பக் கத்தினீங்க? எல்லாருக்கும் முன்னாடியா, பின்னாடியா?"

கல்வெந்தியுஸ் கூரையைப் பார்த்தான். ஸ்தபேரியுஸ் தரையைப் பார்த்தான். சம்பந்தியம்மாள்தான், "மீதி வகிட்ட எடுங்கம்மா, நல்ல நேரம் போவுது," என்றாள். ஒரு மனிதனைக் கொன்ற கதையைக் கேட்டு அந்த அம்மாளுக்கு உறைத்தது நேரம் ஒன்றுதான்.

தல்லுசா மறுபடி ஈட்டியை நகர்த்தினாள். "லுக்ரியோ அவர் மாடத்துல இருக்கற வரைக்கும்..." என்று வாழ்த்தைத் தொடங்கினாள்.

நோனியாவுக்கு ஏதோ பொறி தட்டிவிட்டது. பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "போதும்டி! வாழ்த்தினது போதும்!"

"கைய எடும்மா," என்றாள் செக்குந்தா.

எங்கள் தெருவில் அந்தப் பெண் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்று தெரிந்தது, தொண்டை அப்பனுடையது.

"லுக்ரியோ மாமா அவர் மாடத்துல இருக்கற வரைக்கும் நான் என் புருஷன் வீட்டுல இருப்பேன். அவர அங்கேர்ந்து எடுக்கற அன்னிக்கு என்னையும் என் வீட்டுலேர்ந்து எடுத்துரட்டும்!"

ஈட்டித் தண்டைக் கையால் பிடித்துக்கொண்டு அதையே மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும், பழக்கத்தில், கூடம் முழுக்க 'ஆகட்டும்' என்றது. நோலாக்காரர்கள் சொன்னார்கள். ஸ்தபேரியுஸ் சொன்னான். மூன்றாவது முறை எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் கல்வெந்தியுஸும் சொன்னான். கல்யாணப் பெண் ஈட்டியைத் தொட்டுச் சொன்ன வார்த்தையை எந்தப் பூசாரியாலும் அவிழ்க்க முடியாது.

சம்பந்தியம்மாளின் முகத்தில் அப்போதுதான் கவலை வந்தது. கல்வெந்தியுஸின் பக்கம் சாய்ந்து கேட்டாள். "அந்த மாடம் எங்க இருக்கு? பூட்டு கீட்டு இருக்கா?"

தல்லுசா மீதி வகிட்டையும் எடுத்து, ஆறு பின்னலும் போட்டு, முக்காட்டைச் சரிசெய்து, செக்குந்தாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனாள்.

அதன்பிறகு கல்லறை வீட்டுக்குப் பூட்டு வந்தது, கல்வெந்தியுஸின் செலவில். கீழ் வரிசையில் ஈரம் ஏறுகிறது என்று சட்டியை மேல் வரிசைக்கு மாற்றினார்கள். ஸ்தபேரியுஸின் அம்மாவுக்குப் பக்கத்து மாடம். மாற்றும்போது அது 'எடுப்பது' ஆகிவிடுமோ என்று பயந்து, ஒரு கை சட்டியிலும் ஒரு கை சுவரிலுமாக வைத்துக்கொண்டு நகர்த்தினானாம் கல்வெந்தியுஸ். பிப்ரவரி மாதம் செத்தவர்களுக்குப் படைக்கும் நாட்களில், மதுவில் நனைத்த ரொட்டியும் ஊதாப்பூவுமாக அவனே போகிறான். தன் சொந்த அப்பா மாடத்துக்கு வேலைக்காரனை அனுப்புகிறான்.

இதைப் பார்த்து நீதி கிடைத்துவிட்டது என்று யாராவது என் கடையில் உட்கார்ந்து சொன்னால், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசல் கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஓர் எழுத்தும் மாறவில்லை. அடுத்த வருஷம் அதே அரங்கத்தில் அந்தச் சிரியாக்காரன் செத்தான். தல்லுசாதான் சங்கத்திடம் வந்து கேட்டாள். இது முன்மாதிரி ஆகாது என்று அன்றே முடிவு செய்தோமே என்றார்கள். அந்த வருஷம் எங்கள் தெருவில் யாருக்கும் கல்யாணம் இல்லை. அவன் மேட்டுக் குழிக்குப் போனான். அன்றும் அரங்கத்தில் இடம் கிடைக்காமல் பாதித் தெரு திரும்பி வந்தது.

செக்குந்தா நோலாவில் இருக்கிறாள், இரண்டு பெண் குழந்தைகள். மாமியார் அவளிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாளாம், கொஞ்சம் பயமும் உண்டாம். ஈட்டி அவளோடு போனது. நோலாவில் கல்யாணத்துக்குக் கல்யாணம் இரவல் கேட்டு வருகிறார்கள், அவள் யாருக்கும் கொடுப்பதில்லை என்று கேள்வி. ஸ்தபேரியுஸ் மூன்றாவது தடவையாகக் கல்யாணம் செய்துகொண்டான், கம்பியால் வகிடெடுத்தார்கள். தல்லுசா மிசேனும் என்ற ஊர்ப்பக்கம் குடிபோய், பாய்மரத் துணி தைக்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நல்ல கைத்தொழில்காரன். அரங்கத்துப் பந்தலுக்குத் துணி தைக்க ஆள் வந்தால் மட்டும், கடையைச் சாத்திவிட்டு மீன்பிடிக்கப் போய்விடுகிறானாம்.